ஷேவ் பண்ணி முடித்ததும் முகம் எரிகிறதா? தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிஃப்ட் போனவர்களுக்குத் தெரியும், விடிகாலை நாலரை மணிக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. கம்பெனி பஸ் ரவுண்டானாவில் அரை நிமிஷம்கூட நிற்காது, அதற்குள் பல் தேய்த்து, குளித்து, முகத்தையும் வழித்துக்கொண்டு ஓட வேண்டும். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடினேன். இரண்டு கை பச்சைத் தண்ணியை முகத்தில் அடித்து, குளிக்கிற சோப்பையே கன்னத்தில் நாலு தேய் தேய்த்து, போன மாசம் மாட்டிய பிளேடால் மேலே ரெண்டு இழுப்பு, கீழே ரெண்டு இழுப்பு. கடைசியில் ஆஃப்டர் ஷேவை உள்ளங்கையில் ஊற்றி அப்பிக்கொண்டால் வேலை முடிந்தது. சூளகிரி தாண்டுவதற்குள் சட்டைக் காலர் உரசி உரசிக் கழுத்து எரிய ஆரம்பிக்கும். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியில் பார்த்தால் தொண்டைக்கு மேலே உரித்த கோழித்தோல் மாதிரி சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

இதற்கு மேலே எதைப் பூசலாம் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. யாரைக் கேட்டாலும் பூசத்தான் வழி சொன்னார்கள். பழையபேட்டையில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூன்கார அண்ணன் ஒருத்தர்தான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாடி ஊறாம பிளேடு வெச்சா அது வெட்டாது தம்பி, பிடுங்கும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். காய்ந்த தாடி முடி விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில் இரண்டு மூன்று நிமிஷம் ஊறினால் தண்ணியை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும், அப்போது அறுக்கத் தேவைப்படும் அழுத்தம் நிறையவே குறையும். அதனால் ஷேவ் பண்ணிவிட்டுக் குளிக்காதீர்கள், குளித்துவிட்டு ஷேவ் பண்ணுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஒரு துண்டைச் சுடுதண்ணியில் முக்கிப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் காபி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருங்கள். மார்கழி தை மாசத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம், குளிரில் தோலும் வறண்டு கிடக்கும், முடியும் விறைத்து நிற்கும்.

முடியைக் குறைத்து எடை போடாதீர்கள். பிளேடு எஃகு முடியைவிட சுமார் 50 மடங்கு கடினமானது, ஆனாலும் ஷேவ் பண்ணப் பண்ண பிளேடின் முனை பொடிப்பொடியாகச் சிதறுகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காட்டினார்கள். அதாவது பழைய பிளேடு என்பது மழுங்கின கத்தி மட்டும் இல்லை, ஓட்டை விழுந்த ரம்பம். ஐந்திலிருந்து ஏழு ஷேவுக்குள் மாற்றிவிடுங்கள், தாடி அடர்த்தியாக இருந்தால் அதற்கும் முன்னால். ஈர பாத்ரூமில் சோப்பு டப்பாவுக்குள் கிடத்தி வைக்காமல் உதறிக் காயவையுங்கள். துண்டில் துடைக்கவும் கூடாது, முனை போய்விடும்.

அடுத்தது தண்ணி. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இதைச் சொல்லாமல் ஷேவிங்கைப் பற்றிப் பேசவே முடியாது. நம் போர் தண்ணி நிறைய இடங்களில் கடினத் தண்ணி. வாளியில் போட்டுச் சுடவைக்கிற ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அந்தக் கால்சியமும் மெக்னீசியமும்தான் சோப்போடு சேர்ந்து நுரை வரவிடாமல் திரிதிரியாக அழுக்காக்கி விடுகின்றன. ஷேவிங் கிரீமும் பெரும்பாலும் சோப்பு வகைதான் என்பதால் அதற்கும் இதே கதி. பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் மேலே தயிர் மாதிரி இருக்கும், கன்னத்தில் வைத்த அடுத்த நிமிஷம் புஸ்ஸென்று அடங்கிவிடும். நுரை அழகுக்கு இல்லை. பிளேடு வழுக்கிப் போவதற்கு அதுதான் எண்ணெய். அது அடங்கிவிட்டால் பிளேடு நேராகத் தோலில்தான் ஓடுகிறது.

தர்மபுரியில் எதற்கெடுத்தாலும் நிலத்தடித் தண்ணியில் இருக்கும் ஃப்ளோரைடு மேல் பழி போடும் பழக்கம் நமக்கு உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது, பல்லையும் எலும்பையும் கெடுத்தது அதுதான். ஆனால் அது குடிப்பதால் வருகிற பாதிப்பு. ஷேவிங் நுரையைக் கெடுப்பது ஃப்ளோரைடு இல்லை. ஃப்ளோரைடுக்காகவே 2013-ல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணி உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் அதில் ஒரு சொம்பு ஷேவிங்குக்கு ஒதுக்குங்கள். முழுக் குளியலுக்கு வேண்டாம், வீட்டில் அடி விழும். நுரை கலக்க அரை சொம்பு, கடைசியில் முகம் அலச அரை சொம்பு, போதும். அது வராத ஊரில் மழைத்தண்ணியோ வடிகட்டிய தண்ணியோ இருந்தால் அதே மாதிரி. வெறும் போர் தண்ணிதான் கதி என்றால் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்ததும் மேல்தண்ணியை எடுங்கள். கடினம் முழுக்கப் போகாது, கொஞ்சம் குறையும். குளிக்கிற சோப்பை மட்டும் முகத்தில் தேய்த்து வழிக்காதீர்கள், அது காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, ஒவ்வொரு தடவையும் தோலை உலர்த்திவிட்டுத்தான் போகும்.

சரி, பிளேடை எந்தப் பக்கம் இழுப்பது? எல்லாருக்கும் தெரிந்த பதில், முடி வளர்கிற திசையில் என்பது. கன்னத்தில் அது கீழ்நோக்கி, சிக்கல் இல்லை. கழுத்தில்தான் ஏமாந்துபோவோம். நிறையப் பேருக்குக் கழுத்து முடி கீழிருந்து மேலே வளரும், இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், தொண்டைக்குப் பக்கத்தில் சுழியே இருக்கும். இரண்டு நாள் தாடியோடு கழுத்தை விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவும்போது வழவழப்பாகப் போகிறதோ அதுதான் வளர்கிற திசை. நான் பத்து வருஷமாகக் கழுத்தில் மேலிருந்து கீழே வழித்து, சரியாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே முடி மேல்நோக்கித்தான் வளர்கிறது!

இன்னொன்று, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மொழுமொழுவென்று வழிப்பது. நாலு ஐந்து பிளேடு வைத்த ரேசரில் முதல் பிளேடு முடியைத் தூக்கிவிட, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழேயே வெட்டிவிடும். சுருள் முடிக்காரர்களுக்கு அந்தக் கூர்முனை வெளியே வராமல் தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்தும். சில நாள் கழித்து வருகிற சின்னச் சின்னக் கொப்புளங்களில் நிறைய இதுதான். இவர்களுக்கு ஒற்றை பிளேடு ரேசர் நல்லது, அதைவிட நல்லது ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுக்கிற டிரிம்மர். கம்பெனியில் தாடி கூடாது என்பார்கள், ஆனால் ஒரு மில்லிமீட்டரை அளந்து பார்க்கிற சூப்பர்வைசரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவசரம்தான் பிரச்சினை என்றால் காலையை விட்டுவிட்டு முந்தின நாள் ராத்திரியே வழித்துவிடுங்கள், தாடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது, தோலுக்கும் ஓய்வு கிடைக்கும். வியர்வையும் காலரும் புதுத் தோலில் உரசாது.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் மலையிறங்கி வந்த அன்றைக்கே 48 நாள் தாடியை நேராகப் பிளேடில் எடுப்பார்கள். மறுநாள் முகம் தக்காளி. முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ ஒட்ட வெட்டிவிட்டு, அப்புறம் ஊறவைத்து வழிக்க வேண்டும். இத்தனை நாள் வெயிலே படாத தோல் அது.

சலூனுக்குப் போனால் ஒன்றே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், முழு பிளேடை உங்கள் கண் முன்னால் காகிதத்தோடு பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டுகிறாரா என்று. ஹெபடைடிஸ் பி கிருமி வெளியே ஒரு வாரம்கூட உயிரோடு இருக்கும், அதனால் இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஊருக்கே தேய்க்கிற அந்தப் படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படிகாரம் கெட்டது இல்லை, சின்னக் கீறலில் ரத்தத்தை நிறுத்தும், வீட்டில் உங்களுக்கென்று ஒரு கட்டி வைத்துக்கொள்ளலாம். முகம் முழுக்கத் தினமும் தேய்த்தால் தோல் வறண்டுபோகும்.

இனி பூசுகிற விஷயம். எரிந்தால் முதலில் குளிர்ந்த ஈரத்துணி, பத்து நிமிஷம். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றாமல் வைக்காதீர்கள். அப்புறம் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். ஆஃப்டர் ஷேவில் 'சுர்'ரென்று எரிவதைக் கிருமி சாகிற சத்தமாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் ஆல்கஹால் புண்ணான தோலை இன்னும் காயவைக்கிறது. டெட்டாலும் அப்படித்தான். எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகலாம். கற்றாழை நல்லதுதான், ஆனால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பால் அரிக்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு ஒத்துவரும், பரு வருகிற முகத்துக்கு வேண்டாம்.

மெடிக்கலில் கழுத்தைக் காட்டி வாங்குகிற ட்யூப்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஸ்டீராய்டு, காளான் மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீம்கள் அவை. இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும், அதனால் நம்பிக்கை வந்துவிடும், மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். படர்தாமரையாக இருந்தால் அதை மறைத்துப் பரப்பியும் விடும். 2018-ல் வலுவான ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. இன்னும் கைநீட்டினால் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

உள்ளே சுருண்ட முடியை ஊக்கால் நோண்டாதீர்கள், தழும்புதான் மிஞ்சும். மூன்று நான்கு வாரம் பிளேடு வைக்காமல் விட்டால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். முகத்தில் மரு இருந்தால் அதன் மேல் பிளேடு ஓட்டவே கூடாது, வரிசையாகப் பரவும். அக்குளை வழிக்கிற பெண்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்; அங்கே முடி பல திசையில் வளரும், வழித்த கையோடு டியோடரன்ட் அடித்தால் எரியத்தான் செய்யும்.

முடி வேரில் சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தாலோ, பிடரியில் கெட்டிக் கெட்டியாகத் தடித்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள், சர்க்கரை இருக்கிறவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பக்கத்திலேயே போகலாம். போகும்போது இதுவரை பூசிய ட்யூப்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், பிய்ந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதையும்.