அழாத பாப்பா சமத்துப் பாப்பாவா?

பிறந்து பத்து நாளான குழந்தை ராத்திரி முழுக்கக் கத்தினால் வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். வசம்பு உரசுவார்கள், சுற்றிப் போடுவார்கள், ‘உரம் விழுந்திருக்கும்’ என்று புடவையில் போட்டு உருட்ட ஆள் தேடுவார்கள். அதே குழந்தை ஆறு மணி நேரம் பால் கேட்காமல் கிடந்தால், ‘எங்க பாப்பா சமத்து’ என்று போர்த்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது இந்த அமைதிக்குத்தான்.

முதல் 28 நாளில் நோய் சத்தம் போட்டுக்கொண்டு வராது. ரத்தத்தில் கிருமி ஏறினாலும் சரி, சர்க்கரை குறைந்தாலும் சரி, பெரும்பாலும் முதலில் தெரிவது ஒன்றுதான்: நேற்று நன்றாகச் சப்பிய குழந்தை இன்று சப்பவில்லை. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை குடிக்க வேண்டிய குழந்தை, உள்ளங்காலைச் சுண்டியும் விழிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். அந்த நேரத்தில் சங்கில் பாலை ஊற்றிப் புகட்டுவது அடுத்த தவறு. விழுங்கத் தெம்பில்லாத குழந்தைக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

‘உடம்பு சுடலையே’ என்று சமாதானம் சொல்வதும் அப்படித்தான். பச்சிளங்குழந்தைக்குக் கிருமி தொற்றினால் சுடுவதற்குப் பதில் சில்லிட்டும் போகலாம். ஏற்காட்டு மார்கழியில் இது சுலபமாக ஏமாற்றிவிடும். எல்லாவற்றையும் மலைக்குளிர் தலையில் கட்டிவிடுவோம். கால் மட்டும் சில்லென்றிருந்தால் சாக்ஸ் போட்டு, தாயின் மார்போடு அணைத்துப் பாருங்கள். வயிறும் சில்லென்று, பாலும் குடிக்கவில்லை என்றால் குளிரைப் பழி சொல்லாதீர்கள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினாலும், 95.9-க்குக் கீழே போனாலும் கிளம்பிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் சொட்டு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம். அப்புறம், அறைக்குள் கரிக் கணப்பு வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் வெயில் காட்டும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஆஸ்பத்திரி நீல விளக்கு செய்யும் வேலையை இளவெயில் செய்துவிடாது. லேசான மஞ்சள் தானாகவே குறையும், பெயர் வெயிலுக்குப் போகும்! பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்த மஞ்சளும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சளும், இரண்டு வாரம் தாண்டியும் போகாத மஞ்சளும் டாக்டர் பார்க்க வேண்டியவை. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்; அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் சரியாகத் தெரியாது, பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

மூச்சை ஒரு முழு நிமிடம், குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் இந்த வயதில் மூச்சு சற்று நின்று நின்றுதான் வரும். 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே நன்றாகக் குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ தாமதிக்கக் கூடாது. கை கால் நடுங்கினால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். பிடித்த பிறகும் வெட்டினால் வலிப்பாக இருக்கலாம். பச்சையாக வாந்தி எடுப்பதும், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பதும் இதே கணக்கு. தும்மல், விக்கல், குடித்த பால் கொஞ்சம் கக்குவது இதற்கெல்லாம் ஓட வேண்டாம்.

மலையில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ‘விடியட்டும்’. சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, மூடுபனி வேறு. தயங்குவது புரிகிறது. ஆனால் பாதை நீளம் என்பதாலேயே சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குச் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. குழந்தைக்குத் தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, அம்மாவின் ரவிக்கைக்குள் தோலோடு தோலாக வைத்து, மேலே சால்வை போர்த்தி இறங்குங்கள். முகம் மூடாமல் இருக்கட்டும்.

பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், பிறந்த எடை அதில்தான் இருக்கும். டாக்டர் கேட்டால், வீட்டில் கொடுத்த கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எல்லாவற்றையும் அம்மாயி தன் வாயாலேயே சொல்லிவிடட்டும். மிஞ்சிப் போனால் இரண்டு திட்டு விழும்.