ப்ரீபேமென்ட் மீட்டர் கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

பிரிட்டனில் ப்ரீபேமென்ட் மீட்டர் (முன்பணம் ஏற்றி ஓட்டும் மீட்டர்) உள்ள வாடகை வீடு எடுக்கும்போது, வாசல் சாவியோடு கரண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கீயும் கேஸுக்கு ஒரு கார்டும் கையில் வரும். பே பாயின்ட் இருக்கிற கடையில் பணம் ஏற்றி மீட்டரில் செருகினால் விளக்கு எரியும், அடுப்பு எரியும். மாதாமாதம் பில் வராததால், பணம் எதற்குப் போகிறது என்று கேட்கவும் தோன்றுவதில்லை. முன்பு இருந்தவரின் கடன் உங்கள் பணத்திலிருந்து வாராவாரம் கழிந்துகொண்டிருந்தாலும் மீட்டர் சத்தம் போட்டுச் சொல்லாது.

அப்படிப் போன பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் விதிகள் தனி. அங்கே கன்ஸ்யூமர் கவுன்சிலிடம் போக வேண்டும்.

படி 1: உண்மையிலேயே கூடுதலா என்று பாருங்கள்

புகார் கொடுப்பதற்கு முன், சரியாகவே கழிந்த பணத்தைத் தனியே பிரித்துவிடுங்கள். தினக் கட்டணம் (ஸ்டாண்டிங் சார்ஜ்) நீங்கள் ஒரு யூனிட்கூடப் பயன்படுத்தாவிட்டாலும் ஏறும். கோடையில் ஹீட்டர் போடவில்லை, கேஸ் கார்டைத் தொடவே இல்லை என்று வையுங்கள். அக்டோபரில் 20 பவுண்டு ஏற்றினால், அத்தனை மாத தினக் கட்டணமும் சேர்ந்து பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எமர்ஜென்சி கிரெடிட் (மிச்சம் தீர்ந்ததும் மீட்டர் தரும் அவசரக் கடன்) பயன்படுத்தியிருந்தாலும் அடுத்த டாப்-அப்பில் முதலில் கழிவது அதுதான். இவை இரண்டும் வலிக்கும், ஆனால் தவறல்ல.

தவறு என்று சொல்லத்தக்கவை வேறு. அதிகம் நடப்பது, முன்பு குடியிருந்தவரின் கடன் மீட்டரில் அப்படியே இருப்பது. அடுத்து, ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக வாரக் கடன் பிடிப்பது, அல்லது கடன் தீர்ந்த பிறகும் பிடிப்பை நிறுத்தாமல் விடுவது. சப்ளையர் மாறிய பிறகு பழைய கீயிலேயே பணம் ஏற்றியதால் அது பழைய கம்பெனிக்குப் போவதும் உண்டு. மீட்டரிலேயே பழைய விலை பதிந்திருப்பது, மீட்டர் பழுதாகி வேகமாக ஓடுவது ஆகியவை அபூர்வம், ஆனாலும் நடக்கின்றன.

படி 2: ஒரு வாரக் கணக்கு எடுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். கணக்கோடு பேசுகிறவரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மீட்டரில் உள்ள பட்டனை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். மிச்சப் பணம், மொத்தக் கடன், வாரக் கடன் பிடிப்பு, யூனிட் விலை, தினக் கட்டணம், மீட்டர் ரீடிங் என்று திரைகள் மாறும். வரிசை மீட்டருக்கு மீட்டர் மாறும் என்பதால் எல்லாத் திரைகளையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் என்றால் சப்ளையரின் ஆப்பிலும் வீட்டுத் திரையிலும் இதே விவரங்கள் கிடைக்கும். சரியாக ஏழு நாள் கழித்து மறுபடி எடுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கரண்ட் கணக்கு. யூனிட் 26 பென்ஸ், தினக் கட்டணம் 55 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் விலை வேறாக இருக்கும், எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விலை உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது.)

தொடக்க ரீடிங் 14210, மிச்சம் 2.10 பவுண்டு. அன்றே 20 பவுண்டு ஏற்றினீர்கள். ஏழாம் நாள் ரீடிங் 14254.
ஓடிய யூனிட் 44. 44 × 26 பென்ஸ் = 11.44 பவுண்டு.
தினக் கட்டணம் 7 × 55 பென்ஸ் = 3.85 பவுண்டு.
மொத்தச் செலவு 15.29 பவுண்டு.
இருக்க வேண்டிய மிச்சம் 22.10 – 15.29 = 6.81 பவுண்டு.

மீட்டர் 1.81 காட்டுகிறது என்றால் சரியாக 5 பவுண்டு காணவில்லை. இப்படி முழு எண்ணாக ஒரு தொகை குறைந்தால் அது பெரும்பாலும் கடன் பிடிப்புதான். வாரக் கடன் திரையில் 5.00 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கடன் யாருடையது என்பதே அடுத்த கேள்வி.

கேஸ் மீட்டரின் ரீடிங் யூனிட்டில் வராது, கன மீட்டரில் வரும். அதை 1.02264-ஆல் பெருக்கி, சப்ளையர் சொல்லும் கலோரி மதிப்பால் (கேஸ் தரும் வெப்பத்தின் அளவு, ஏறக்குறைய 39.5) பெருக்கி, 3.6-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஒரு கன மீட்டர் சுமார் 11.2 யூனிட். நூறு கன அடிக் கணக்கில் காட்டும் பழைய மீட்டர் என்றால் முதலில் 2.83-ஆல் பெருக்க வேண்டும்.

படி 3: காகிதங்களைச் சேருங்கள்

குடிவந்த தேதியைக் காட்டும் வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், டாப்-அப் ரசீதுகள். ரசீதுகளைத் தூக்கிப் போட்டிருந்தால் பதற வேண்டாம். எந்தத் தேதியில் எவ்வளவு ஏறியது, அதில் எவ்வளவு கடனுக்குப் போனது என்ற முழுப் பட்டியலும் சப்ளையரிடம் இருக்கும். ‘சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்’ என்று தலைப்பிட்டு இமெயில் போட்டுக் கேளுங்கள். இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

படி 4: புகாரைப் புகாராகவே கொடுங்கள்

போனில் ‘விசாரிக்கிறேன்’ என்று பேசினால் அது விசாரணையாகவே போய்விடும். ‘ஃபார்மல் கம்ப்ளெயின்ட்’ என்ற சொல்லைச் சொல்லி, புகார் எண் வாங்கி, அதே நாள் இமெயிலிலும் அனுப்புங்கள். சப்ளையர் புகாரைத் தீர்க்க உள்ள எட்டு வாரக் கணக்கு (படி 5) அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால், பிள்ளையோ நண்பரோ உங்கள் சார்பில் பேச அனுமதிப்பதாகச் சொல்லிவிட்டால் போதும்.

இமெயில் சுருக்கமாக இருக்கட்டும்: எந்தத் தேதியில் குடிவந்தீர்கள், மீட்டர் எண், ஒரு வாரக் கணக்கு, போட்டோக்கள். பிறகு கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ‘மீட்டரிலிருந்து அந்தக் கடனை நீக்கி, குடிவந்த நாளிலிருந்து பிடித்த தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதுங்கள். முன்பு இருந்தவரின் கடனுக்கு நீங்கள் பொறுப்பல்ல; இதில் கெஞ்ச வேண்டியது எதுவும் இல்லை.

கடன் உங்கள் பெயரில்தான், ஆனால் பழையது என்றால் ‘பேக் பில்லிங்’ விதியைச் சொல்லுங்கள். 12 மாதத்துக்கு முன் பயன்படுத்தியதற்கு அப்போது சரியாகக் கணக்குக் கேட்காமல் இருந்துவிட்டு, இப்போது புதிதாகக் கேட்க சப்ளையருக்கு அனுமதி இல்லை. வீட்டுக் கணக்குகளுக்கு இது 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. ரீடிங் எடுக்க நீங்களே தொடர்ந்து தடுத்திருந்தால் மட்டும் இது உதவாது. உண்மையான கடனே என்றாலும், உங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் அளவே வாராவாரம் பிடிக்க வேண்டும். குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மீட்டரே தப்பு என்று தோன்றினால் சோதனை கேளுங்கள். கரண்ட் மீட்டர் உண்மையைவிட 2.5 சதவீதம் வரை கூடுதலாகவோ 3.5 சதவீதம் வரை குறைவாகவோ காட்டினால் சட்டம் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. மீட்டர் சரி என்று வந்தால் சோதனைச் செலவு உங்கள் தலையில் விழலாம். எனவே, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 5: ஓம்புட்ஸ்மன்

எட்டு வாரம் கடந்தும் தீரவில்லை, அல்லது ‘இதற்கு மேல் முடியாது’ என்று டெட்லாக் கடிதம் வந்துவிட்டது என்றால் எனர்ஜி ஓம்புட்ஸ்மனிடம் (கரண்ட், கேஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் தனி அமைப்பு) போகலாம். டெட்லாக் கடிதம் கிடைத்தால் 12 மாதத்துக்குள் போய்விடுங்கள். சேவை இலவசம். தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சப்ளையர் கட்டுப்பட்டே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு நீதிமன்றம் போகும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும். என் அனுபவத்தில் பலர் ஐந்தாம் வாரத்திலேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இடையில் உதவி வேண்டுமென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பை 0808 223 1133 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

வீட்டுக்காரர் வைத்த மீட்டர் என்றால்

அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் காசு போடும் மீட்டரோ கார்டு மீட்டரோ வீட்டுக்காரரே வைத்திருப்பார். அங்கே வழக்கு சப்ளையரோடு இல்லை, வீட்டுக்காரரோடு. தான் கம்பெனிக்குக் கொடுக்கும் யூனிட் விலைக்கு மேல் உங்களிடம் ஒரு பென்ஸ்கூட வாங்க அவருக்கு உரிமை கிடையாது. ஆஃப்ஜெமின் ‘மேக்சிமம் ரீசேல் பிரைஸ்’ விதி இது, 2003 முதல் உள்ளது. தினக் கட்டணத்தை எல்லாருக்கும் பங்கிடலாம், அவ்வளவுதான்.

அவருடைய கரண்ட் பில்லின் நகலை எழுத்தில் கேளுங்கள். மீட்டரில் பதிந்த விலைக்கும் பில் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் ஓட்டிய யூனிட்டால் பெருக்கினால் அதுதான் உங்களுக்கு வர வேண்டிய பணம். தர மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டுவரை பின்னோக்கிக் கேட்கலாம். இதற்கு மட்டும் நீதிமன்றக் கட்டணம் உண்டு. வருமானம் குறைவு என்றால் விலக்குக் கேட்க முடியும்.

பணம் வரும்போது

சப்ளையர் பெரும்பாலும் தொகையை மீட்டரிலேயே ஏற்றிவிடப் பார்ப்பார். வங்கிக் கணக்குக்கு வேண்டும் என்றால் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகும் வாரக் கடன் திரையை மீண்டும் பார்த்து 0.00 ஆகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிடிப்பை நீக்க மறந்துவிடுவது உண்டு. வேறு வீட்டுக்குப் போய்விட்டீர்கள், சப்ளையர் மாறிவிட்டீர்கள் என்றாலும் பழைய கணக்கில் பிடித்த பணத்தைக் கேட்கலாம். அங்கே மீட்டரில் விட்டுவந்த மிச்சத்தையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள்.