எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கி, பத்து ரூபாய் கம்மி என்று போன மாதம் ஒரு எண்ணெய் பாக்கெட் வாங்கி வந்தேன், வீட்டில் தூக்கில் ஊற்றினால் வழக்கமான கோடு வரைக்கும் ஏறவே இல்லை. திருப்பிப் பார்த்தால் 850 மில்லிதான்! அளவை கிராமில் போட்டிருந்தால், முழு லிட்டருக்குச் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும். ஒரு மில்லிக்கோ கிராமுக்கோ எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்து ஒப்பிடுங்கள்.

துவரம் பருப்புக்கு முதலில் ரேஷன் கடை. கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. மாதக் கடைசி வரை விடாமல் சீக்கிரமே வாங்கிவிட்டு, பற்றாததை மட்டும் வெளியில் வாங்குங்கள். காய்க்கு டோல்கேட் உழவர் சந்தை, அதுவும் காலையிலேயே. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு நிம்மதி.