கயாக்கில் முதல் கடல் பயணம்: திரும்பும் வழியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

முட்டுக்காடு, கோவளம் பக்கம் விடுமுறை நாள் காலையில் போனால் தண்ணீரில் கயாக் எனும் ஒல்லியான துடுப்புப் படகுகளும், நின்றபடி துடுப்புப் போடும் பலகைகளும் மிதப்பதைப் பார்க்கலாம். பார்க்க எளிதாகத் தெரியும். எளிதும்தான். நேராக ஓட்ட அரை மணி நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த அரை மணி நேரப் பாடம் கரையை விட்டுப் போகத்தான் போதும், திரும்பி வருவதற்குப் போதாது. காற்று எந்தப் பக்கம் போகிறது, கவிழ்ந்தால் எப்படி ஏறுவது, எந்த இடத்தில் கரை சேர்வது என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் கயாக்கை மனதில் வைத்து எழுதுகிறேன். தொடங்குபவர்களுக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. ஊர் என்று பார்த்தால் நம் கிழக்குக் கடற்கரை.

படி 1: முதலில் உப்பங்கழி, அப்புறம் கடல்

நீச்சல் தெரியாதவர்கள் முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். வேகமாக நீந்தத் தேவையில்லை. நிற்காமல் 50 மீட்டர் நீந்தவும், மல்லாந்து பத்து நிமிடம் பதறாமல் மிதக்கவும் வந்தால் போதும்.

அடுத்து உப்பங்கழி. முட்டுக்காடு, முதலியார்குப்பம் போன்ற இடங்களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறைகள் இருக்கின்றன. கழியில் அலை கிடையாது, பல இடங்களில் ஆழமும் குறைவு. ஆனால் முகத்துவாரத்தின் அருகே மட்டும் போகாதீர்கள். ஓதம் வற்றும், அதாவது கடல்மட்டம் இறங்கும், நேரத்தில் கழித் தண்ணீர் மொத்தமும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த ஓட்டம் இன்னும் வேகமாக இருக்கும்.

படி 2: காற்றைப் பார்ப்பது

நேரம் இல்லாதவர்கள் மற்ற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் அலையைத்தான் பார்க்கிறார்கள். அலை பெரிதாக இருந்தால் பயப்படுகிறார்கள், தட்டையாக இருந்தால் இறங்கிவிடுகிறார்கள். கயாக்கைப் பொறுத்தவரை அலையைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போகத்தான் அலை எழும்பும். கயாக் சுலபமாக முன்னேறும், நமக்குத் திறமை வந்துவிட்டது என்று தோன்றும். திரும்பிப் பார்க்கும்போது கரை எங்கேயோ இருக்கும், காற்று முகத்தில் அறையும்.

நம் கிழக்குக் கரையில் இது அபூர்வமான விஷயம் இல்லை. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. வெயில் ஏறியபின் திசை மாறி, கடல்காற்று கரைக்கு வருகிறது. சென்னைப் பக்கம் மார்ச், ஏப்ரலில் பெரும்பாலும் முற்பகல் முடிவதற்குள் மாறிவிடும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றின் தாக்கத்தால் கச்சான் எனும் மேற்குக் காற்று பலமாக இருக்கும். அப்போது கடல்காற்று உள்ளே வரப் பிற்பகல் ஆகலாம், சில நாள் வராமலே போகும். அந்த மாதங்களில் காலைக் கடல் அழகாக இருக்கிறது என்று நம்பி உள்ளே போகக் கூடாது.

ராமேசுவரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். கோடையில் தெற்கிலிருந்து காற்றடிக்கும்போது வடக்குப் பக்கம் சாதுவாகக் கிடக்கும். ஏன் சாது? காற்று தீவைக் கடந்து கடலுக்குள் போகிறது. கயாக்கில் உட்கார்ந்து பத்து நிமிடம் போட்டோ எடுத்தால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும்.

எனவே இப்படி முடிவு செய்யுங்கள்:

- கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முதுகில் பட்டால் முதல் சில மாதங்களுக்கு அன்றைக்கு வேண்டாம்.
- முகத்தில் மெதுவாகப் பட்டாலோ, பக்கவாட்டில் லேசாக வந்தாலோ போகலாம்.
- போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று உதவிக்கு வரும்.
- மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் தள்ளிப்போடுங்கள். கடலில் அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அர்த்தம். தொடங்குபவர் கயாக்கில் போகும் வேகமே மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான்.

பருவம் என்று பார்த்தால் எங்கள் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், கடலை விட்டுவிடுங்கள்.

காற்றே இல்லாத நாளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் கிளப்பிய நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். உள்ளூர் வானத்தில் அதற்கு எந்த அடையாளமும் இருக்காது. இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) எனும் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மீனவர்களைப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில் நமக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் பார்த்த பிறகு, கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் ஒரு அண்ணனிடம் கேளுங்கள். "அண்ணே, இன்னைக்கு நீரோட்டம் எப்படி?" என்றால் போதும். அந்த இடத்துக்கு, அந்த மணிக்கு என்ன நிலைமை என்று எந்தச் செயலியும் அவர் அளவுக்குச் சொல்லாது.

படி 3: லைஃப் ஜாக்கெட்

போட்டுக்கொள்ளுங்கள். கயாக்கின் பின்னால் கட்டி வைப்பதற்கு அது இல்லை. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்துகொண்டே அதை மாட்டுவது நடக்காத காரியம்.

ஜாக்கெட்டில் அதன் மிதக்கவைக்கும் திறன் நியூட்டன் அளவில் எழுதியிருக்கும். 50 என்றால் நீந்தத் தெரிந்தவருக்கு மிதக்க உதவுவது. கை சுலபமாக அசையும் என்பதால் கயாக் ஓட்டுபவர்கள் விரும்புவது இது. நீச்சலில் நம்பிக்கை குறைவு என்றால் 100 கேளுங்கள். எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, நண்பரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. கொக்கி உடைந்ததையோ, கயிறு வைத்துக் கட்டியதையோ கொடுத்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள். மாற்று இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை உள்ளதுதான் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: ஜாக்கெட்டில் கட்டிய ஒரு விசில், தண்ணீர் புகாத பையில் கைபேசி, முழுக்கை நீச்சல் சட்டை, நாடா வைத்த தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நம் கடல் வெதுவெதுப்பானது, குளிரில் விறைக்கும் ஆபத்து இல்லை. ஆளைச் சாய்ப்பது வெயில்தான். கயாக்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

படி 4: துடுப்பு

முதுகை நிமிர்த்தி, கால் பாதங்களைக் கயாக்கின் கால்தாங்கியில் அழுத்தி உட்காருங்கள். தோள் அகலத்தைவிடச் சற்றே அதிகமாகக் கை விரித்துத் துடுப்பைப் பிடியுங்கள். பாதம் பக்கம் துடுப்பை இறக்கி, இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள், உடம்பை இடுப்பிலிருந்து திருப்புங்கள். மீதி பழக்கத்தில் வரும்.

படி 5: வேண்டுமென்றே கவிழுங்கள்

இதைக் கழியில் செய்து பழகாமல் கடலுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. வாடகைக்குக் கொடுப்பவர் முகம் சுளித்தாலும் கேட்டுச் செய்யுங்கள்.

1. கவிழ்ந்ததும் ஒரு கையால் கயாக்கைப் பிடியுங்கள், மறு கையில் துடுப்பு. கயாக்கை விட்டால் காற்று அதை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும்.
2. நடுப்பகுதிக்கு வந்து, மறுபக்க விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துங்கள்.
3. உடம்பைத் தண்ணீரின் மேல் கிடையாகக் கொண்டுவந்து, காலை நன்றாக உதைத்து, வயிறு கயாக்கின் குறுக்கே படும்படி தாவுங்கள். செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு ஏற முயன்றால் அது மறுபடி உங்கள் மேலேயே கவிழும்.
4. மூச்சு வாங்குங்கள். பிறகு புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, காலை உள்ளே எடுங்கள்.

களைத்திருக்கும்போதும் ஏற முடிகிற வரை பழகுங்கள்.

படி 6: அலையைத் தாண்டுவது

முழங்கால் உயரத்துக்கு மேல் அலை உடையும் நாளில் புதியவர் இறங்க வேண்டாம். சென்னைக் கரை பல இடங்களில் சட்டெனச் சரிவதால் அலை மொத்தமாகக் கரையிலேயே வந்து விழும். சிறிய அலைக்கும் அங்கே அடி பலம்.

இறங்கும் முன் பத்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பின் கொஞ்சம் ஓய்வு வரும். அந்த ஓய்வில் கயாக்கின் மூக்கை அலைக்கு நேராக வைத்து நிற்காமல் துடுப்புப் போட்டுக் கடந்துவிடுங்கள். ஒரு தவறான ஆசை எல்லோருக்கும் வரும்: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் அமைதியாக ஒரு சந்து தெரியும், அதன் வழியே போகலாமே என்று. கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் இழுப்பு அதுதான். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் அதே கதை.

திரும்பும்போது பெரிய அலைக்கூட்டம் போனபின் அதன் முதுகில் வாருங்கள். கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கமாகச் சாயுங்கள், கரைப்பக்கம் சாய்ந்தால் உருட்டிவிடும். இறங்கியதும் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தள்ளினால் கால் முறியும்.

படி 7: கடலில் இருக்கும் மற்றவர்கள்

கடல் மீனவர்களின் வேலை இடம். கொடியோ மிதவையோ தெரிந்தால் கீழே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைக் கடக்க வேண்டாம். ஃபைபர் படகில் வருபவருக்கு நீரோடு நீராக இருக்கும் கயாக் கண்ணில் படாது, ஒதுங்க வேண்டியது நீங்கள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவில் அடங்கும், வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அருகேயும் போகாதீர்கள்.

கயாக் வேண்டாம், மோட்டார் படகில் சும்மா ஒரு சுற்று போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏறும் முன் எத்தனை பேருக்கான படகு என்று கேளுங்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

படி 8: சிக்கிக்கொண்டால்

கயாக்கை விடாதீர்கள், கரை பக்கம்தானே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசைப்பது உதவி கேட்பதற்கான சர்வதேசச் சைகை. கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

கயாக் கைநழுவி இழுப்பில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி இருங்கள். பலம் இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்புங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108.

படி 9: கரையில் ஒருவர்

கிளம்பும் முன் கரையிலோ வீட்டிலோ இருக்கும் ஒருவரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: எங்கிருந்து இறங்குகிறோம், எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்புவோம். அந்த நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் 1093-க்கு அழைக்கச் சொல்லுங்கள். கரை ஏறியதும் முதல் வேலை அவருக்குப் போன் செய்வது. கயாக்கைக் கழுவுவது, டீ குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு.