மூன்று கட்டம் போட்ட நோட்டு: கெட்ட நினைப்பைச் சமாளிக்க எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குத் தினமும் பெர்ரியில் வேலைக்குப் போகிறவள் நான். கடலைப் பார்த்தால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு நேர்மாறு. கை சும்மா இருந்தால் மண்டை வேலை செய்யத் தொடங்கிவிடும். நேற்று பேசியது தப்போ, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதோ, வீட்டுக் கடன் எப்போது அடையுமோ என்று ஒன்று போனால் இன்னொன்று வரும். அதற்காக நான் பழகிக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை.

படி 1: விரட்டாதீர்கள், எழுதுங்கள்

"அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதம்மா" என்பார் என் அத்தை. நல்ல மனசுதான், ஆனால் வேலைக்கு ஆகாது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்றார்கள். நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தது. அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

அதனால் முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, தேதி, நேரம், அப்புறம் அந்த நினைப்பை வந்த வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். கைப்பேசியிலும் எழுதலாம், எனக்கு அதைத் திறந்தால் புலனமும் (வாட்ஸ்அப்) கூடவே திறந்துகொள்ளும். வாரக் கடைசியில் புரட்டிப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. ஆயிரம் கவலை என்று நினைத்திருந்தேன். இருந்தது நாலைந்துதான், வேஷம் மாற்றி மாற்றி வந்திருக்கின்றன.

படி 2: மூன்று கட்டம்

இதில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குச் சில நினைப்புகள் தானாக வந்து உண்மை மாதிரியே உட்கார்ந்துகொள்வதைக் கவனித்தார். அவற்றை நிறுத்தி விசாரிக்கும் சிகிச்சை அவரிடமிருந்து வளர்ந்தது. நாம் செய்யப்போவது அதன் வீட்டுச் சமையல்.

பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: நடந்தது, நினைத்தது, அத்தாட்சி. முதல் கட்டத்தில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும் வர வேண்டும். என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

நடந்தது: இரவு ஒன்பது மணிக்கு மேலாளர், "நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க" என்று அனுப்பினார். காரணம் சொல்லவில்லை.

நினைத்தது: வேலை போச்சு.

அத்தாட்சி: ஆமாம் என்பதற்கு, போன மாதம் ஒரு பில்லில் தப்பு செய்தேன். இல்லை என்பதற்கு, அதை அன்றைக்கே திருத்தியாகிவிட்டது. இதற்கு முன் இப்படிக் கூப்பிட்ட மூன்று தடவையும் லீவு விஷயம்தான்.

எழுதி முடித்ததும் "வேலை போச்சு" என்பது "என்னவென்று தெரியவில்லை, காலையில் கேட்கலாம்" என்று இறங்கியது. அவ்வளவுதான். பெரிய தைரியமெல்லாம் வரவில்லை, தூக்கம் வந்தது. மறுநாள் போனால், தீபாவளிக்கு யார் யார் லீவு என்று கேட்கிறார்!

மூன்றாவது கட்டத்தில் "எல்லாம் நல்லதே நடக்கும்" என்று எழுதிவிடாதீர்கள். அது அத்தாட்சி இல்லை, வாழ்த்து அட்டை. சில சமயம் அத்தாட்சி கவலையின் பக்கமே நிற்கும். அம்மாவின் சர்க்கரை நிஜமாகவே கூடியிருந்தது. அப்போது கீழே ஒரு வேலையை எழுதுங்கள்: "செவ்வாய் காலை, கிளினிக், ரத்தப் பரிசோதனை."

படி 3: கவலைக்கு ஒரு நேரம்

தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1983-இல் சொன்ன வழி இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் வருவதை அதற்குத் தள்ளிவிடுங்கள். எனக்கு மாலை பெர்ரி. பத்துப் பதினைந்து நிமிடம்தான், எனக்கு அது போதும். ஏறியதும் நோட்டைத் திறப்பேன், கரை தட்டியதும் மூடுவேன். அப்புறம் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். உங்களுக்கு எந்த இடம் வேண்டுமானாலும் இருக்கட்டும், படுக்கை மட்டும் வேண்டாம்.

படி 4: உடம்பு

பசியாறாமல் கிளம்பிய நாளும், இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் குடித்த நாளும் என் நோட்டில் பக்கம் நிறைந்திருக்கும். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் அரை மணி நடந்தாலும் நல்லது. பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் விடாது.

படி 5: நோட்டு போதாதபோது

"நான் இருந்து என்ன பயன்" என்ற நினைப்பு வந்தால் கட்டம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் தன்னார்வ அமைப்பான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸிடம் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. போலீஸ் வருமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

அந்த அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டால், தேதி அதிலேயே இருக்கும்.