சாதி கடந்து மணம் செய்வோர் எங்கே தவறுகிறார்கள்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்துவிட்டால் யாரை மணப்பது என்பதில் பெற்றோர் சம்மதமும் வேண்டாம், ஊர் சம்மதமும் வேண்டாம். சட்டத்தில் இதில் குழப்பமே இல்லை. சிக்கலெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிய பின் வரும் நாட்களில்தான். வயது நிறையவில்லை என்றால் காத்திருங்கள். பெண்ணுக்குச் சில நாட்கள் குறைந்தாலும் கடத்தல் வழக்கும் போக்சோவும் (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) பையன்மேல் பாயும்.

பலரும் செய்யும் முதல் தவறு, ‘ரிஜிஸ்டர் செய்துவிட்டால் போதும்’ என்று நினைப்பது. இந்து திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த திருமணத்துக்குச் சான்று, அவ்வளவே. சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்குப் புரோகிதரோ அக்கினியோ தேவையில்லை. அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவின்படி, சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே திருமணம்தான். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள்.

மதம் வேறாக இருந்தால் 7ஏ உதவாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும்; அங்கே 30 நாள் அறிவிப்பு உண்டு. வெளியூரில் விண்ணப்பித்தால் வீட்டுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலகப் பலகையிலும் ஒட்டப்படும். அங்கே யாருக்கு யார் சொந்தக்காரர் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது காவல் நிலையம். ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் ஏற்கெனவே போயிருக்கும். நகை எடுத்துச் சென்றிருந்தால் திருட்டுப் புகாரும் சேரும். ஆகவே நகையைத் தொடாதீர்கள். மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் மட்டும் எடுங்கள். நிலையத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது சமாதானம் போலத் தெரியும். உண்மையில் அது கட்டப்பஞ்சாயத்துதான். அம்மா அழுவார், மாமா காலில் விழுவார், கடைசியில் ‘விருப்பப்பட்டுப் பெற்றோருடன் செல்கிறேன்’ என்று ஒரு தாள் நீட்டப்படும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு எந்த வழக்கறிஞர் வந்தாலும் பாதி வழக்கு போய்விட்டது. வழக்கறிஞர் இல்லாமல் நிலையத்துக்குள் போகாதீர்கள். பெண் தன் விருப்பத்தை மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலமாகச் சொல்வதே வலுவானது. வீட்டில் அடைத்து வைத்துவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

‘திரும்பி வாருங்கள், நாங்களே ஊரறியக் கட்டிவைக்கிறோம்’ என்ற அழைப்பை நம்பித் தனியாகப் போவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை. மனம் மாறிய பெற்றோர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மாறியவர்கள் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வந்து பார்க்கட்டும். 2003-இல் விருத்தாசலம் அருகே விஷம் கொடுத்துக் கொல்லப்பட்ட இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள்தான். சில மாதம் போனால் கோபம் தணிந்துவிடும் என்பதும் கணக்காகாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டபோது திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

தந்தை பெயரில் உள்ள சிம்மும், வீட்டில் எல்லோரும் திறக்கும் மின்னஞ்சல் கணக்கும் நீங்கள் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும்; கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்பு மனுவை உள்ளூர் நிலையத்தோடு நிறுத்துவதும் தவறு. மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் கொண்ட சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூவருக்கும் தனித்தனியாக எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், நகலை ஊருக்கு வெளியே உள்ள ஒரு நண்பரிடம் வையுங்கள்.