பனியா, பணியா? கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மெஷின் பக்கத்தில் சோர்ந்து நின்ற என்னைப் பார்த்து சூப்பர்வைசர், "பனியுண்டோ?" என்றார். வேலை இருக்கிறதா என்று கேட்கிறார் போல என நினைத்து, "உண்டு சேட்டா, நிறைய உண்டு" என்றேன். அப்போதே என்னை ரூமுக்கு அனுப்பிவிட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பணிதான் வேலை. நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகத்தானே விழுகிறது! யாராவது "பணி கிட்டி" என்றால் கை குலுக்கப் போய்விடாதீர்கள். வசமாக மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம்.

கேரள எல்லையான வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோடு, பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டை. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. இப்படிக் கிட்டத்தில் இருப்பதுதான் தொல்லை. துபாய் போனவனை ஊர் விட்டுவிடும், பாலக்காடு போனவனை விடாது. காதுகுத்து, வளைகாப்பு, தென்னைக்கு மருந்து, எல்லாவற்றுக்கும் "பக்கத்துலதானே, ஒரு எட்டு வந்துட்டுப் போ." நைட் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி, நின்றபடியே தூங்கி, மறுநாள் ராத்திரி திரும்பவும் ஷிப்ட். ஒரு வருஷம் இப்படி ஓடினேன். இங்கே ஒரு கூட்டாளி சேரவில்லை, அங்கேயும் யாருடனும் உட்கார்ந்து பேசவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இங்கேயே இருங்கள். வீட்டில் முதலில் கோபிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

ரூம் பார்க்கும்போது "முறி வாடகைக்கு" என்பார்கள். ஒன்றும் முறியவில்லை, முறி என்றால் அறை. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கேரளா என்றால் மழையும் பச்சையும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் ஏப்ரலில் திணறிப்போவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கத்து அனல் அப்படியே உள்ளே வரும், 40 டிகிரியைத் தொடும் நாளும் உண்டு. ஷீட் போட்ட கூரைக்குக் கீழே பகலில் தூங்கவே முடியாது. நைட் ஷிப்ட்காரனுக்குப் பகல் தூக்கம் போனால் எல்லாமே போச்சு. வாடகை முந்நூறு நானூறு கூடினாலும் ஓட்டு வீடாகப் பாருங்கள். கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: கோடையில் மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை வருஷா வருஷம் உத்தரவு போடும். மேஸ்திரி மறந்ததுபோல இருந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

வேலை கிடைக்கும்வரை உள்ள நாட்கள்தான் மோசம். போனைப் பார்த்தபடி மூன்று வாரம் ரூமிலேயே கிடந்தவன் சொல்கிறேன். காலையில் கம்பெனி வாசல்களுக்கு நேரில் போய்க் கேளுங்கள், மதியத்தோடு தேடலை மூடிவிடுங்கள். சாயங்காலம் பாலக்காடு கோட்டைப் பக்கம் நடக்கலாம். 1766இல் ஹைதர் அலி கட்டியது, சுற்றிலும் அகழி. வேலைக்கு முன்பணம் கேட்பவனிடமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்பவனிடமும் நிற்கவே வேண்டாம்.

காண்ட்ராக்ட் வேலையானாலும் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான். ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், டாக்டர் எழுதித்தரும் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் எடுத்த நம்பரே இங்கேயும் செல்லும், புதிதாக எடுக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு லீவு கேட்க நாம் கூச்சப்படுவதில்லை. மனசு சரியில்லை என்றால் மட்டும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறோம். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். நேரில்தான் பார்க்க வேண்டுமென்றால் குடும்பாரோக்ய கேந்திரத்துக்குப் போங்கள், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி. மனச்சோர்வுக்கென்றே அங்கே 'ஆஸ்வாசம்' என்ற திட்டம் உண்டு. "உறக்கம் இல்ல" என்று ஆரம்பித்தால் போதும், அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உள்ள பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தங்கியிருந்தால் மீதியையும் தமிழிலேயே சொல்லிவிடலாம்.